பத்தாவது நிறுத்தத்தில் இரண்டு பஸ்: வாசகர் கேள்வி - பதில்

பஸ், கொசு, மழை, மீன், மனிதர் என ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும் கூட்டங்களுக்குக் கணித மாதிரி (நிஜத்தில் நடப்பதைச் சமன்பாடுகளாக எழுதிப் பார்ப்பது) அமைப்பதையே முப்பத்தொரு ஆண்டுகள் சென்னையில் தொழிலாகக் கொண்டிருந்த பேராசிரியை, வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் எழுதுகிறார்.

கேள்வி: எங்கள் நிறுத்தத்தில் அரை மணி நேரம் ஒரு பஸ்ஸும் வருவதில்லை. வந்தால் ஒரே எண்ணில் இரண்டு, சில நாள் மூன்று சேர்ந்து வருகின்றன. டிரைவர்கள் பேசி வைத்துக்கொண்டு டீக்கடையில் நிற்கிறார்கள் என்கிறார் என் கணவர். அப்படியா?
(வாசகி, பெரம்பூர்)

ஒருவரும் பேசி வைத்துக்கொள்ள வேண்டியதில்லை அம்மா. விட்டுவிட்டால் பஸ்கள் தாமாகவே சேர்ந்துகொள்ளும். ஒரு தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள். கணக்கைச் சேர்ந்தே போடுவோம்.

பத்து நிமிடத்துக்கு ஒரு பஸ். ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் நிமிடத்துக்கு இரண்டு பேர் வந்து நிற்கிறார்கள். ஒருவர் ஏற 3 விநாடி. நேரத்துக்கு வரும் பஸ்ஸில் 20 பேர் ஏறுவார்கள். அது 1 நிமிடம் நிற்கும். கால அட்டவணையில் அந்த நிமிடம் ஏற்கெனவே சேர்ந்திருக்கிறது. இப்போது முதல் பஸ் ஏதோ ஒரு ரயில்வே கேட்டில் மாட்டிக்கொண்டு 2 நிமிடம் பிந்தி வருகிறது. அதற்குள் நிறுத்தத்தில் 24 பேர் சேர்ந்துவிட்டார்கள். கூடுதலாக வந்த நால்வர் ஏற 12 விநாடி. தாமதம் 2 நிமிடம் 12 விநாடி ஆகிவிட்டது. அடுத்த நிறுத்தத்தில் கூட்டம் இன்னும் கொஞ்சம் அதிகம், தாமதமும் அதிகம். நிறுத்தத்துக்கு நிறுத்தம் பத்தில் ஒரு பங்கு வட்டி; அந்த வட்டியும் குட்டி போடுகிறது.

பின்னால் வரும் பஸ்ஸின் கதை இதற்கு நேர்மாறு. அது சரியான நேரத்தில்தான் கிளம்பியது. ஆனால் முன்னால் போனது பிந்திப் போனதால் இரண்டுக்கும் நடுவே 8 நிமிடம்தான் இருக்கிறது. நிறுத்தத்தில் 16 பேர். 48 விநாடியில் கிளம்பிவிடுகிறது. 12 விநாடி முந்திவிட்டது. அடுத்த நிறுத்தத்தில் இன்னும் சிலர் குறைவு, இன்னும் முந்துகிறது. பத்தாவது நிறுத்தத்தை விட்டுக் கிளம்பும்போது முன்பஸ் 5 நிமிடத்துக்கு மேல் தாமதம், பின்பஸ் 4 நிமிடம் 40 விநாடிக்கு மேல் முன்னதாக. நடுவே இருந்த 10 நிமிட இடைவெளி கரைந்து, மிஞ்சுவது சுமார் 6 விநாடி. கையாலேயே கூட்டிப் பாருங்கள், வரும். கார்டன் நியூவெல், ரென்ஃப்ரி பாட்ஸ் என்ற இருவர் 1964இல் எழுதிக் காட்டிய கணக்கின் சாரம் இதுதான்.

இதைச் சரிபார்க்க ஒரு ஐப்பசி மாதக் காலையில் எட்டு மணியிலிருந்து பத்து வரை ஒரு நிறுத்தத்தில் நோட்டுப் புத்தகத்தோடு நின்றேன். முதலில் வந்த பஸ்ஸின் படியில் பள்ளிப் பிள்ளைகள் ஒரு காலில் தொங்கிக்கொண்டு வந்தார்கள். கண்டக்டர் டிக்கெட்டை ஆள் மாற்றி ஆள் கையில் கொடுத்தனுப்பிக்கொண்டிருந்தார். அதன் முதுகை உரசுவதுபோல் வந்த இரண்டாவது பஸ்ஸில் ஜன்னலோர இருக்கைகள் காலியாகக் கிடந்தன. பூக்கூடையோடு நின்ற ஒரு பாட்டி முதல் பஸ்ஸை ஏறிட்டும் பார்க்கவில்லை. இரண்டாவதில் நிதானமாக ஏறி, கூடையைக் காலடியில் வைத்து உட்கார்ந்தார். நியூவெல்லும் பாட்ஸும் எழுதியது அவருக்கு அனுபவத்தில் மனப்பாடம்.

டிரைவரைத் திட்டுவதால் இது தீராது. வேகமாக ஓட்டச் சொன்னால் ஆபத்துதான் மிச்சம். வழியில் ஓரிரு இடங்களில், முந்தி வந்துவிட்ட பின்பஸ்ஸைக் கொஞ்சம் நிறுத்தி வைத்து அனுப்புவதே மருந்து. உள்ளே இருப்பவர்களுக்கு அந்த இரண்டு நிமிடம் கசக்கும். பின்னால் பத்து நிறுத்தங்களில் நிற்பவர்களுக்கு அதுவே உதவி.

கேள்வி: கொசுவை அடியோடு ஒழிக்க முடியாது என்று எல்லோருக்கும் தெரியும். பிறகு மாதாமாதம் மருந்து அடிப்பதும், மொட்டைமாடித் தொட்டியை மூடச் சொல்லி ஆள் அனுப்புவதும் வீண் செலவுதானே?
(ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், ராயபுரம்)

நூறு ஆண்டுக்கு முன்பு இதே மறுப்பை எதிர்கொண்டவர் ரொனால்ட் ராஸ். 1881இல் இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்து மெட்ராஸ் மாகாணத்தில் வேலை பார்த்தவர். மலேரியாக் கிருமி கொசுவின் வயிற்றில் வளர்வதை 1897 ஆகஸ்ட் 20 அன்று செகந்திராபாத்தில் கண்டார். 1902இல் நோபல் பரிசு. அதன் பிறகு அவர் செய்த வேலை இன்னும் பெரியது என்பது என் கருத்து. நோய் எப்படிப் பரவுகிறது என்பதைச் சமன்பாடாக எழுதினார். கொசு முழுவதும் ஒழிய வேண்டியதில்லை, ஓர் அளவுக்குக் கீழே குறைந்தாலே மலேரியா தானாக வற்றிவிடும் என்று அதிலிருந்து காட்டினார்.

ஒரு நோயாளியிலிருந்து, கொசு வழியாக, சராசரியாக நான்கு பேருக்கு நோய் போகிறது என்று வையுங்கள். கொசுக்களை நான்கில் ஒரு பங்குக்கும் கீழே இறக்கிவிட்டால், ஒருவரிடமிருந்து ஒருவருக்குக்கூட முழுதாகப் போகாது. வரவைவிடச் செலவு அதிகமான வீடு போல நோய் தேய்ந்துகொண்டே போகும். கடியைக் குறைப்பதில் பலன் இன்னும் அதிகம். நோய் பரவ ஒரு கொசு இரண்டு முறை கடிக்க வேண்டும்: நோயாளியிடமிருந்து கிருமியை வாங்க ஒருமுறை, அடுத்தவருக்குக் கொடுக்க ஒருமுறை. கொசுவலையால் கடி பாதியானால், பரவல் பாதியில் பாதியாகிவிடும்.

சென்னை மலேரியாவைப் பரப்பும் கொசு சாக்கடையை விரும்புவதில்லை. கிணறும், மூடி இல்லாத மேல்நிலைத் தொட்டியுமாகிய நல்ல தண்ணீர்தான் அதற்குத் தொட்டில். அதனால் தொட்டி மூடியைப் பார்க்க வருகிறவர் ராஸின் கணக்கைத்தான் கையில் கொண்டுவருகிறார். கதவைத் திறந்து விடுங்கள் ஐயா. (இந்தக் கணக்கின் அடுத்த படியும் இந்திய மண்ணோடு சேர்ந்தது. கசௌலியில் பாஸ்டர் நிறுவனத்தை நடத்திய மெக்கென்ட்ரிக், கெர்மாக் என்பவரோடு 1927இல் எழுதிய கட்டுரையைத்தான் கொள்ளைநோய்க் கணக்குப் போடுவோர் இன்றும் முதலில் படிக்கிறார்கள். தம் வளைகோட்டை அவர்கள் ஒப்பிட்டுப் பார்த்தது 1905-06இல் பம்பாயில் பிளேக்கில் இறந்தவர்களின் எண்ணிக்கையோடு.)

கேள்வி: 2015 டிசம்பரில் எங்கள் வீட்டில் கீழ்த்தளம் முழுகியது. இவ்வளவு கம்ப்யூட்டர் இருந்தும் ஏன் முன்கூட்டியே தெருவாரியாகச் சொல்ல முடியவில்லை? இன்று சொல்ல முடியுமா?
(வாசகர், வேளச்சேரி)

உங்கள் கேள்விக்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. மழை எங்கே எவ்வளவு விழும் என்பது ஒன்று. விழுந்த தண்ணீர் எங்கே போகும் என்பது மற்றொன்று. இரண்டும் வேறு வேறு குணமுள்ளவை.

முதலாவதில் இயற்கையே ஒரு வரம்பு வைத்திருக்கிறது. 1961இல் எட்வர்ட் லோரன்ஸ், தம் கம்ப்யூட்டரில் ஒரு சிறிய வானிலைக் கணக்கைப் பாதியிலிருந்து மறுபடி ஓட்டினார். முதலில் உள்ளே இருந்த எண் 0.506127. தாளில் அச்சாகியிருந்ததைப் பார்த்து 0.506 என்று போட்டார். காபி குடித்துவிட்டு வந்து பார்த்தால், கணக்கில் சில வாரங்கள் கழித்து வரும் வானிலை முன்பு வந்ததற்குச் சம்பந்தமே இல்லாமல் இருந்தது. பத்தாயிரத்தில் இரண்டு, மூன்று பங்கு வேற்றுமை. அது தானே பெருகி எல்லாவற்றையும் விழுங்கிவிட்டது. வானத்தின் ஒவ்வொரு மூலையின் வெப்பத்தையும் காற்றையும் அவ்வளவு துல்லியமாக அளக்க யாராலும் முடியாது. ஆகவே இப்போது ஒரே கணக்கைச் சிறுசிறு மாற்றங்களோடு பல முறை ஓட்டுகிறார்கள். பத்தில் ஏழு ஓட்டத்தில் கனமழை வந்தால் 70 சதவீத வாய்ப்பு என்கிறார்கள். அந்த எண்ணை மழுப்பலான பேச்சு என்று எண்ணாதீர்கள். தங்களுக்கு எவ்வளவு தெரியும் என்பதையே அவர்கள் நேர்மையாகச் சொல்கிறார்கள்.

இரண்டாவதில் அந்த நிச்சயமின்மை இல்லை. தண்ணீர் பள்ளத்துக்குத்தான் போகும். அந்த டிசம்பர் வெள்ளத்தின்போது தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 49 செ.மீ. பெய்தது. ஒரு கிரவுண்டு (2,400 சதுர அடி) மனையில் மட்டும் அது 1,09,000 லிட்டர். 12,000 லிட்டர் லாரி ஒன்பது. ஒவ்வொரு மனையிலும் ஒன்பது லாரித் தண்ணீரைக் கொட்டினால், அது உட்கார இடம் வேண்டும். அந்த இடமாக இருந்த பள்ளிக்கரணைச் சதுப்பை வீடும் சாலையும் குப்பைமேடுமாக நிரப்பிவிட்டோம். எஞ்சியதற்கு, உலக முக்கியத்துவம் வாய்ந்த சதுப்புநிலம் என்ற ராம்சர் அங்கீகாரம் 2022இல்தான் கிடைத்தது. அதோடு கடல் பொங்கி நிற்கும் நேரத்தில் அடையாற்றின் முகத்துவாரம் தண்ணீரை வாங்காது. மழை, நிலம், கடல் மூன்றையும் ஒன்றாகப் போட்டுப் பார்க்கும் வெள்ள எச்சரிக்கை முறை ஒன்று 2019இல் சென்னைக்கென்றே வந்தது. ஐஐடி பம்பாய், ஐஐடி மெட்ராஸ், அண்ணா பல்கலைக்கழகம் ஆகியவற்றின் உழைப்பும் அதில் உண்டு. ஆகவே பகுதிவாரியாகச் சொல்ல இன்று முடிகிறது. தெருவாரியாகச் சொல்வதில் இன்னும் ஒரு கஷ்டம் இருக்கிறது. அதை நான் உங்கள் ஊரிலேயே கற்றுக்கொண்டேன்.

2015 வெள்ளத்துக்குப் பிறகு நானும் இரண்டு மாணவர்களும் அங்கே ஒரு தெருவுக்கு மாதிரி அமைத்தோம். செயற்கைக்கோள் தந்த உயர அளவுகளின்படி தண்ணீர் கிழக்கே சதுப்பை நோக்கி ஓடியிருக்க வேண்டும். அந்தத் தெரு மூலையில் இஸ்திரி வண்டி வைத்திருந்தவரிடம் படத்தைக் காட்டினோம். அவர் பதில் பேசாமல் கரிப்பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, எங்களை எதிர்வீட்டு வாசலுக்கு அழைத்துப் போனார். முன்பு மூன்று படி ஏறி நுழைந்த வீடு அது. இப்போது ஒரு படி இறங்கி நுழைய வேண்டியிருந்தது. பழையதைச் சுரண்டி எடுக்காமல் மேலே மேலே தார் போட்டுப் போட்டுச் சாலை வளர்ந்திருந்தது. கொத்தனார்கள் மட்டம் பார்க்கும் கண்ணாடிக் குழாயில் தண்ணீர் நிரப்பி அளந்தோம். வாசற்படியைவிடச் சாலை 23 செ.மீ. உயரம். தண்ணீர் கிழக்கே போகவில்லை, வீடுகளுக்குள் போயிருந்தது. செயற்கைக்கோள் அளவில் பிழை மீட்டர் கணக்கில் வரும். 23 செ.மீ. அதன் கண்ணுக்குத் தெரியவே தெரியாது.

அன்றிலிருந்து, போய் நின்று பார்க்காத இடத்துக்கு மாதிரி போட்டுக் கையெழுத்திட நான் சம்மதித்ததில்லை. உங்கள் தெருவில் அடுத்தமுறை சாலை போடும்போது பழைய தாரைச் சுரண்டிவிட்டுப் போடுகிறார்களா என்று நின்று கேளுங்கள். எந்தக் கம்ப்யூட்டரும் அதை உங்களுக்காகக் கேட்காது.

கேள்வி: செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டதே, இனிச் சமன்பாடு எதற்கு?
(பொறியியல் மாணவர், குரோம்பேட்டை)

பத்து நாள் வானிலையை ஒரு நிமிடத்துக்குள் சொல்லும் நிரல்கள் 2023 முதல் இருக்கின்றன, நன்றாகவே சொல்கின்றன. ஆனால் அவை படித்துக் கற்ற பல்லாண்டு வானிலைப் பதிவு எப்படி உருவானது தெரியுமா? அங்கங்கே எடுத்த அளவுகளுக்கு நடுவே இருந்த வெற்றிடங்களைச் சமன்பாடுகளால் நிரப்பித்தான். மேலும், இதுவரை நடந்ததை வைத்து இனி நடப்பதைச் சொல்வது வேறு. இல்லாத ஒரு பாலத்தைக் கட்டினால் என்ன ஆகும் என்று கேட்பது வேறு. இரண்டையும் படி தம்பி.

கேள்வி: எங்கள் பகுதியில் யாரும் யாரையும் வெறுப்பவர்கள் இல்லை. ஆனாலும் தெருவுக்குத் தெரு ஒரே மாதிரி ஆட்களாகச் சேர்ந்து குடியிருக்கிறார்கள். இதற்கும் கணக்கு உண்டா?
(வாசகி, மேற்கு மாம்பலம்)

உண்டு. சதுரங்கப் பலகையை எடுத்து, ஒரு ரூபாய் நாணயம் 22, ஐந்து ரூபாய் நாணயம் 22 எடுத்துக் கண்ணை மூடிக்கொண்டு கலந்து வையுங்கள். 20 கட்டம் காலி. ஒவ்வொரு நாணயத்துக்கும் ஓர் ஆசைதான்: சுற்றியிருக்கும் அண்டை வீட்டாரில் மூன்றில் ஒருவராவது தன்னைப் போன்றவராக இருக்க வேண்டும். மீதி இருவர் வேறாக இருந்தாலும் அதற்குச் சம்மதம். அதிருப்தியான நாணயத்தைக் காலிக் கட்டத்துக்கு மாற்றிக்கொண்டே வாருங்கள். ஒன்று நகர்ந்தால், அது விட்டுப்போன இடத்தில் அதன் பழைய அண்டையார் தனிமைப்படுகிறார்கள், அவர்களும் கிளம்புகிறார்கள். கொஞ்ச நேரத்தில் பலகை திட்டுத் திட்டாகப் பிரிந்துவிடும். தாமஸ் ஷெல்லிங் இதை 1971இல் விரிவாக எழுதினார். 2005இல் பொருளாதார நோபல் பெற்றவர்.

ஆனால் இதை யாருக்கும் மன்னிப்புச் சீட்டாகக் கொடுத்துவிடாதீர்கள். லேசான விருப்பமே பிரிவினைக்குப் போதும் என்றுதான் ஷெல்லிங் காட்டினார். நம் தெருக்கள் அப்படித்தான் பிரிந்தன என்று அவர் காட்டவில்லை. அந்தப் பலகையில் வீட்டுக்காரர் இல்லை. சாவியைக் காட்டுவதற்கு முன் சாப்பாடு என்ன, சாதி என்ன, மதம் என்ன என்று கேட்கும் ஆள் இல்லை. நம் ஊரில் அவர் இருக்கிறார். அவரைச் சேர்க்காத மாதிரியை வைத்து நம் ஊரைப் பற்றி முடிவு சொல்வது தவறு என்று என் மாணவர்களிடம் ஆண்டுதோறும் சொல்லிவந்தேன். யாரும் வெறுப்பவர்கள் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் தெருவில் வீடு தேடி அலைந்து கிடைக்காமல் போனவரையும் ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கடலுக்குப் போகக் கூடாது என்கிறார்கள். கடலுக்கே போகாதவர்கள் போடும் கணக்கில் எங்கள் பிழைப்பு நிற்கிறது. மீன் கணக்கு நிஜமாகவே தெரியுமா அவர்களுக்கு?
(விசைப்படகுத் தொழிலாளி, காசிமேடு)

ஐயா, மீன் கணக்கின் முதல் பாடமே ஒரு மீன் சந்தையின் குறிப்பேட்டில்தான் தொடங்கியது. முதல் உலகப்போரில் ஏட்ரியாட்டிக் கடலில் மீன்பிடிப்பு வெகுவாகக் குறைந்தது. போர் முடிந்ததும் உம்பர்ட்டோ டான்கோனா என்ற உயிரியலாளர் அந்தக் கரையோரச் சந்தைகளின் கணக்கைப் புரட்டினார். ஃபியூமே துறைமுகத்தில் சுறா போன்ற இரைபிடி மீன்களின் பங்கு 1914இல் 11.9 சதவீதம், 1918இல் 36.4 சதவீதம். ஏன் என்று தம் மாமனார் வீட்டோ வோல்டெராவிடம் கேட்டார். அவர் கணிதப் பேராசிரியர். வேட்டையாடும் மீன், இரையாகும் மீன் இரண்டுக்கும் சமன்பாடு எழுதி 1926இல் விடை சொன்னார்: இரண்டையும் ஒரே வலையில் அள்ளும்போது அடி அதிகமாக விழுவது வேட்டையாடும் மீனுக்கு. வலை நின்றால் அதுதான் முதலில் தலைதூக்கும்.

வோல்டெராவின் கடலில் இரண்டே வகை மீன். உங்கள் கடலில் எத்தனை என்று உங்களுக்குத்தான் தெரியும். சினைப் பருவம் வகைக்கு வகை வேறு. மீன் முட்டையிடும் காலத்தில் வலையை நிறுத்துவது சரியான யோசனை என்றே நான் நினைக்கிறேன். ஆனால் எந்த வகைக்கு எந்த வாரம் என்பதை, தடை முடிந்த முதல் நாளிலிருந்து என்ன மீன், என்ன அளவு, எத்தனை பாகம் (இரு கையையும் விரித்த நீளம்) ஆழம் என்று நாள்தோறும் எழுதி வைத்தால்தான் திருத்த முடியும். பழைய நோட்டுகளைக் காசிமேட்டில் பலர் வைத்திருப்பார்கள். அவற்றை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். கணக்குப் போடுகிறவர்கள் உங்களிடம் வந்து உட்கார்ந்து அவற்றைப் படிக்க வேண்டும். அது அவர்கள் கடமை. தடைக்கால நிவாரணம் போதுமா என்பது கணிதக் கேள்வி அல்ல. போதாது என்ற உங்கள் பக்கம்தான் நானும்.

கேள்வி: நான் பிளஸ் டூ படிக்கிறேன். கணக்கு பிடிக்கும். வீட்டில் கம்ப்யூட்டர் இல்லை. இந்தத் துறைக்கு எங்கே தொடங்குவது?
(மாணவி, கிழக்கு தாம்பரம்)

உன் வாசலில் தொடங்கு மகளே. உன் ஊர்க் கல்லூரியான மெட்ராஸ் கிறிஸ்தவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி இருவரும், கமலா கிரிதிவாசனும் சேர்ந்து கோலத்தைக் கணினி இலக்கணமாக எழுதினார்கள். 1974இல் அந்தக் கட்டுரை வெளிவந்தது. சிறிய விதி ஒன்றைத் திரும்பத் திரும்பச் செய்தால் பெரிய உருவம் எப்படி விரிகிறது என்பதுதான் அதன் உயிர். நம் பாட்டிகள் ஐந்து புள்ளியில் தெரிந்துகொண்டு ஐம்பது புள்ளிக்கு இழுத்துக்கொண்டு போனது அந்த விதியைத்தான். பட்டப்படிப்பில் கணிதமோ இயற்பியலோ எடு. 1962இல் தொடங்கி, இப்போது தரமணியில் இயங்கும் கணித அறிவியல் நிறுவனத்தில் பொதுமக்களுக்கான சொற்பொழிவு நடக்கும்போது போய் உட்கார். புரியாததைக் குறித்துக்கொள்.

இந்த ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு வேலை தருகிறேன். தரையில் சாக்குக்கட்டியால் பத்துக்குப் பத்து கட்டம் போடு. ஒரு கை புளியங்கொட்டை எடுத்துக்கொள். ஒவ்வொரு கட்டத்துக்கும் சுற்றிலும் எட்டு அண்டை. கொட்டை இருக்கும் கட்டத்துக்கு இரண்டோ மூன்றோ அண்டைக் கொட்டை இருந்தால் அது பிழைக்கும். குறைந்தாலும் மிகுந்தாலும் எடுத்துவிடு. காலிக் கட்டத்தைச் சுற்றிச் சரியாக மூன்று இருந்தால் அங்கே புதிதாக ஒன்று வை. ஜான் கான்வே 1970இல் உலகுக்குக் காட்டிய விதி இது. அவரும் முதலில் பலகையில் காய் வைத்துத்தான் ஆடினார். மேல் இடது மூலையில், மூன்றுக்கு மூன்று கட்டத்துக்குள், ஐந்து கொட்டையை இப்படி வை: முதல் வரிசையில் நடுவில் ஒன்று, இரண்டாவதில் வலது ஓரம் ஒன்று, மூன்றாவதில் மூன்றும். நான்கு சுற்று கழித்து அதே உருவம் ஒரு கட்டம் கீழே, ஒரு கட்டம் வலப்புறம் தள்ளி நிற்கும். யாரும் அதற்கு நடக்கக் கற்றுக்கொடுக்கவில்லை.

ஒன்றில் மட்டும் கவனமாக இரு. எண்ணும்போதே கொட்டையை எடுக்காதே. நூறு கட்டத்தையும் எண்ணி முடித்து, சாகப்போவதற்கு ஒரு புள்ளியும் பிறக்கப்போவதற்கு ஒரு வட்டமும் சாக்குக்கட்டியால் போட்டுவிட்டு, பிறகு எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்று. ஓரத்தில் முட்டும்போது என்ன ஆகிறது என்று எனக்கு எழுது.